நேரில் சொன்னது

ஆஸ்பத்திரியில் பழைய வார்டுக்கு வழி கேட்டதற்கு மூன்று பேர் மூன்று திசையைக் காட்டினார்கள். நான்காவதாக, தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, “அங்க உங்களுக்கு என்ன வேலை?” என்று திருப்பிக் கேட்டாள். கமா அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வழி கேட்டால் வழியைச் சொல்ல வேண்டியதுதானே, பூர்வீகமா விசாரிப்பார்கள்?

அவளுக்குக் கோபம் வர நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மேசை, பதினாறு வருஷமாக அதுதான் அவள் ராஜ்யம். ஆய்வேடு எழுதுகிறவர்கள் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்திலேயே, அடைப்புக்குறிக்குள், ‘இதைச் சொன்னவர் இன்னார், சொன்ன வருஷம் இது’ என்று போட வேண்டும். அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. புத்தகம், கட்டுரை எல்லாவற்றையும் அதில் ஒருமுறை பதிந்து வைத்துவிட்டால், எழுத எழுத அதுவே அடைப்புக்குறியை நிரப்பும், கடைசியில் பட்டியலும் போட்டுத் தரும். நிரப்பும் என்பது பேச்சுக்கு. பெயர் வர வேண்டிய இடத்தில் வருஷம் வரும், வருஷம் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வரும், ஒரே ஆள் இரண்டு ஆளாக வருவார். அந்தக் கந்தரகோளத்தைச் சரிசெய்வதுதான் அவள் வேலை. ஒரு கமா இடம் மாறினாலும் எழுதியவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் சும்மா கிடந்தது.

அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அழாத ஆராய்ச்சி மாணவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. ஆனால் நூலகர் நேற்று அவளைக் கூப்பிட்டு, “ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரோட அறிக்கை ஒண்ணு. ரெஃபரன்ஸ் எல்லாம் தாறுமாறா வருதாம். ஃபைலை வெளியே அனுப்ப மாட்டாங்க, நீங்கதான் போகணும்,” என்றபோது அவள் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் நூலகர் அடுத்த வாக்கியத்தையும் சொல்லிவிட்டார். “அவர் நம்ம நிர்வாகக் குழுவுல இருக்கார். உங்க வேலை நீட்டிப்பு அடுத்த மாசம் அவர் மேசைக்குத்தான் போகுது.”

மூன்றாவது மாடி நடையின் கடைசியில் அந்த வார்டு இருந்தது. எதிரே ஒரு பெரிய அறை, கதவில் ‘விசாரணை, பிற்பகல் 3 மணி’ என்று தாள் ஒட்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் போட்டிருந்த பெஞ்சில் செவிலியர் உடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மடியில் இருந்த கோப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள், காற்று வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்பதுபோல.

“நீங்க அறிக்கை அடிக்க வந்தவங்களா அக்கா?”

“அடிக்க இல்ல. திருத்த.”

“என் பேர்லதான் அந்த அறிக்கை,” என்றாள் அந்தப் பெண். “எல்லாரும் என்னைச் சின்ன சிஸ்டர்னு கூப்பிடுவாங்க. ஜூன் பதினாலாம் தேதி இந்த வார்டுல ஆக்சிஜன் நின்னு ஏழு பேர் போயிட்டாங்க. நான் தப்பான வால்வைத் திருகிட்டேன்னு எழுதியிருக்காங்களாம். இன்னிக்கு விசாரணைக் குழு அதை ஏத்துக்கிட்டா என் வேலை போகும். போலீஸ் கேஸும் உண்டுன்னு சொல்றாங்க. நான் அந்த வால்வைத் தொடவே இல்லக்கா.”

“அப்போ பார்த்தவங்க யாராவது சொல்ல வேண்டியதுதானே?”

“ஆக்சிஜன் ஆபரேட்டர் அண்ணன் பார்த்தார். கீழ இருந்து சிலிண்டரைத் தோள்ல சுமந்துக்கிட்டு மூணு தடவை மாடி ஏறினார். மூணாவது தடவை ஒன்பதாம் கட்டில்கிட்ட விழுந்தவர் எழுந்திருக்கல.”

கமா அக்கா வார்டுக் கதவைத் தள்ளினாள். அவளுக்கு யாரிடமாவது கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தத் தோதாக அங்கே ஆள் இல்லை.

உள்ளே பதினான்கு கட்டில்கள், மெத்தை இல்லாமல் வெறும் சட்டங்களாக, இரண்டு வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் சுவரிலிருந்து ஒரு செம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. குழாய்களை எல்லாம் அறுத்து முனையை அடைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் பாதிவரை வெள்ளைச் சாயம். வெளியே நல்ல வெயில். உள்ளே வந்த வெளிச்சம் பழைய பால் நிறத்தில் இருந்தது. பினாயில் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, முகத்தில் வைக்கும் ரப்பர் மூடியின் வாசனை, நாள்பட்டு ஊறிக் கிடந்தது.

கடைசியில் செவிலியர் உட்காரும் கண்ணாடி அறை. கணினி அங்கேதான்.

“உள்ள போங்க. ஃபைல் திறந்துதான் இருக்கு.”

பெரிய டாக்டர் வார்டின் வாசற்படியில் நின்றிருந்தார். துறைத் தலைவர். தலை நரைத்திருந்தாலும் சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தார்.

“நீங்களும் வாங்க சார், என்ன பிரச்சினைன்னு காட்டினா…”

“இங்கேயே சொல்றேன். தூசி ஒத்துக்காது எனக்கு.” அவர் கால் படியைத் தாண்டவில்லை. “இந்த அறிக்கையோட மொதல் வடிவம் என்கிட்ட இருந்த ஜூனியர் டாக்டர் எழுதினது. வார்டுல ஆக்சிஜன் எப்படிச் செலவாகுதுன்னு ஒரு கட்டுரை. அதைத்தான் நான் அறிக்கையா மாத்தியிருக்கேன். அவன் வாய்க்கு வந்ததையெல்லாம் ரெஃபரன்ஸா போட்டு வெச்சுட்டு, மே கடைசியில வேற ஊருக்குப் போயிட்டான். நான் அழிக்க அழிக்க, பிரிண்ட் எடுத்தா திரும்ப வருது.”

“கையால அழிச்சீங்களா?”

“வேற எதால அழிப்பாங்க?”

இதே பதிலை ஒரு மாணவன் சொல்லியிருந்தால் அவன் ஏழேழு ஜென்மத்துக்கும் எழுத்தையே மறந்திருப்பான். கண்ணுக்குத் தெரிகிற அடைப்புக்குறி வெறும் மேல்தோல். அதற்கு அடியில் மென்பொருளின் குறியீடு ஒளிந்திருக்கிறது. மேலே சுரண்டினால் அடியிலிருந்து மறுபடி முளைக்கும். இதை ஆயிரம் முறை தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். இப்போது, “நான் பார்த்துக்கறேன் சார்,” என்று மட்டும் சொன்னாள்.

முதலில் ஒரு நகல் எடுத்து வைத்தாள். பிறகு படித்தாள்.

மருத்துவக் கட்டுரைகள், கருவிகளின் தரவிதிகள், எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். ‘வால்வில் கசிவு இருந்ததாக எவரும் துறைக்குத் தெரிவிக்கவில்லை.’ அதன் வாலில் அடைப்புக்குறி.

(ஆக்சிஜன் ஆபரேட்டர், நேரில் சொன்னது, ஜூன் 2)

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருமே சொல்லவில்லை என்பது வாக்கியம். சொன்னார் என்பது சான்று. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற அறிக்கையை அவள் பார்த்ததே இல்லை.

“சார், இந்த ஆபரேட்டர்…”

“செத்துட்டான்,” என்றார் வாசலிலிருந்து. “நீங்க விதி தெரிஞ்சவங்க, நீங்களே சொல்லுங்க. வாயால சொன்னது பட்டியல்ல ஏறுமா?”

ஏறாது. விதி அப்படித்தான். புத்தகத்தைப் படிப்பவர் தேடிப் பிடித்துப் பார்க்கலாம். ஒருவர் நேரில் சொன்னதை எங்கே போய்த் தேடுவது? அதனால் அது கடைசிப் பட்டியலில் சேராது. ஓரமாக ஒரு அடைப்புக்குறி, அத்தோடு சரி. இந்த விதியைப் பதினாறு வருஷமாக அவள் மந்திரம் மாதிரி ஒப்பித்திருக்கிறாள். அன்றுதான் முதல்முறையாக அதைக் கேட்க அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

“ஏறாது சார்.”

“அப்புறம் என்ன? தூக்குங்க. ரெண்டரை மணிக்கு எனக்குச் சுத்தமான பிரிண்ட் வேணும்.” செருப்புச் சத்தம் நடையில் தேய்ந்து மறைந்தது.

அடைப்புக்குறியைக் குறியீட்டோடு வேரோடு பிடுங்கிப் போட்டாள். புதுப்பி என்ற பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு சிமிட்டல்.

மூன்று அடைப்புக்குறிகள்.

ஜூன் 2. ஜூன் 9. ஜூன் 13.

“சனியன்,” என்று முணுமுணுத்தாள். இதில் பயப்பட ஒன்றுமில்லை. பதிவை மென்பொருளிலிருந்து நீக்கினாலும் கோப்பு தன் வயிற்றுக்குள் ஒரு நகலைச் சுமந்துகொண்டே திரியும். இப்படிப்பட்ட பேய்களை மாதம் இருபது ஓட்டுகிறவள் அவள். அடியில் இருப்பதை மொத்தமாகத் திறந்து காட்டும் விசையை அழுத்தினாள். வழக்கமாக அங்கே பெயர், வருஷம், பத்து இலக்கத்தில் ஏதாவது எண், இவ்வளவுதான் இருக்கும்.

இங்கே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

ஜூன் 2-க்கு அடியில்: ‘டாக்டர் சார்கிட்ட இன்னிக்குச் சொன்னேன். மெயின் வால்வுல காத்து கசியுது, மாத்தணும்னு. பார்க்கலாம்னார்.’

ஜூன் 9: ‘மறுபடி போய்ச் சொன்னேன். உன் வேலையைப் பாருன்னார். இதுதானே சார் என் வேலைன்னேன். முறைச்சார்.’

ஜூன் 13: ‘மூணாவது தடவை. கால்ல விழாத குறை. கதவைச் சாத்திட்டார்.’

கமா அக்காவின் காது மடல் சூடானது. பஞ்சு அடைத்த காதும் கசங்காத சட்டையும் கண்முன் வந்து நின்றன. பாவி, மூன்று முறை சொல்லியிருக்கிறான் அந்த ஆபரேட்டர். வெளியே ஒரு பெண் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோபத்தில் பல்லைக் கடித்தபடி மறுபடி புதுப்பித்தாள்.

ஒன்பது.

ஜூன் 14: ‘ஏழு பேரும் என் கண் முன்னாடி. சின்ன சிஸ்டர் வால்வைத் தொடல. அந்தப் பொண்ணு என்கூடச் சிலிண்டர் தூக்க ஓடி வந்துச்சு.’

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜூனியர் டாக்டர் போனது மே கடைசியில் என்றார் அவர். அப்படியென்றால் ஜூன் மாதத்தில் இதையெல்லாம் தட்டியது யார்? சரி, தேதியைத் தப்பாகச் சொல்லியிருப்பார், பெரிய மனிதர்களுக்கு எந்தத் தேதி நினைவிருக்கிறது. ஆனால் ஆபரேட்டர் விழுந்தது ஜூன் 14 அன்று. அதற்கு மேலும் பட்டியல் நீண்டது.

ஜூன் 20: ‘டாக்டர் சார் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். பக்கத்துல நின்னு சொன்னேன்.’

ஜூலை 5: ‘கார்ல, பின் சீட்டுல இருந்து சொன்னேன். வண்டியை நிறுத்திட்டு எறங்கி ஓடினார்.’

ஜூலை 29: ‘காதுல பஞ்சு வெச்சுக்கிட்டார். அப்பவும் சொன்னேன்.’

மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது.

மின்சாரம் போகவில்லை. கணினி எரிந்துகொண்டுதான் இருந்தது. விசிறி மட்டும் இரண்டு சுற்று சும்மா சுற்றி ஓய்ந்தது. அந்த அமைதியில் வார்டின் அந்தக் கோடியிலிருந்து, வாசலுக்குப் பக்கத்துக் கட்டிலிலிருந்து, ஒரு சத்தம் வந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்.

காற்றுக் கசியும் சத்தம்.

அறுத்து அடைத்த குழாயில் என்ன காற்று? கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. சத்தம் முதல் கட்டிலில் நின்று, இரண்டாவதில் தொடங்கியது. பிறகு மூன்றாவதில். யாரோ ஒவ்வொரு குழாயாகத் திறந்து, காது வைத்துக் கேட்டு, மூடிவிட்டு அடுத்ததற்கு நகர்வதுபோல, அவசரமே இல்லாமல், வேலை தெரிந்த ஆள் செய்கிற நிதானத்தோடு அது வந்தது.

ஏழு.

எட்டு.

ஒன்பதாம் கட்டிலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

அவள் எழுந்திருக்க நினைத்தாள். கண் தானாகத் திரைக்குத் திரும்பியது. அவள் கை விசைப்பலகையில் இல்லை; ஆனாலும் ஒரு அடைப்புக்குறி எழுத்தெழுத்தாக உருவாகிக்கொண்டிருந்தது.

(ஆக்சிஜன் ஆபரேட்டர், நேரில் சொன்னது, ஆகஸ்ட் 21, 12.40)

ஆகஸ்ட் 21 இன்றைக்கு. திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

12.38.

இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

12.39. பதினாலாம் கட்டிலும் முடிந்தது. கண்ணாடி அறைக்குள் ரப்பர் வாசனை வந்தது. நாற்காலிக்குப் பின்னால், பாரம் சுமந்து மாடியேறி வந்தவர் மூச்சை இழுத்துப் பிடித்து நிதானிக்கிற சத்தம்.

12.40.

“அம்மா,” என்றது வலது காதோரம். குரலில் மிரட்டல் இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல். “அழிச்சுடாதீங்க.”

கமா அக்காவுக்குப் பயம் தலைக்கேறினால் என்ன வரும்? அதே கோபம்தான் வந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரையைப் பார்த்தே சீறினாள்.

“என்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க? நானா வால்வை மாத்தாம விட்டேன்? போய் அந்த ஆள்கிட்ட சொல்லுங்க!”

பதிலுக்குத் திரையில் அடைப்புக்குறிகள் பெருகின. பன்னிரண்டாம் பக்கம், பதினைந்தாம் பக்கம், முன்னுரை, முடிவுரை, ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒன்று. அத்தனைக்கும் அடியில் ஒரே சொல்.

‘சொன்னேன்.’

‘சொன்னேன்.’

‘சொன்னேன்.’

“முடிஞ்சுதா?”

அவள் அலறிவிட்டாள். பெரிய டாக்டர் வாசலில் நின்றிருந்தார். மணி இரண்டேகால். ஒன்றரை மணி நேரம் எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“சார், இதுல இருக்கற தேதியெல்லாம்… அவர் இறந்ததுக்கு அப்புறம்…”

“தெரியும்,” என்றார்.

அவ்வளவுதான். இல்லை என்று கூடச் சொல்லவில்லை. அந்த நிதானம்தான் அவள் கோபத்தைக் கிளறிவிட்டது.

“அவர் உங்ககிட்ட மூணு தடவை சொல்லியிருக்கார் சார். வெளிய அந்தப் பொண்ணு…”

“படிக்கச் சொல்லல உங்களை. அழிக்கச் சொன்னேன்.” காதுப் பஞ்சை ஒரு விரலால் உள்ளே தள்ளிக்கொண்டார். “பதினாறு வருஷமா அங்க தற்காலிகமாவே இருக்கீங்களாமே? உங்க நீட்டிப்புக் கடிதம் என் மேசையிலதான் இருக்கு. கையெழுத்துப் போட ஒரு நிமிஷம், கிழிக்க அரை நிமிஷம்.”

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கமா அக்காவின் கோபத்தைப் பற்றி அந்தப் பல்கலைக்கழகத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். கமாவை இடம் மாற்றி வைத்தவளைக் கண்ணீர் விட வைத்தது, ஆய்வேட்டை ஜன்னல் வழியே வீசியது, இப்படி எத்தனையோ. எல்லாம் வாஸ்தவம். ஆனால் அந்தக் கோபம் மேட்டைக் கண்டால் தேங்கி நிற்கும், பள்ளத்தில்தான் பாயும். அன்றும் அவள் உடம்பெல்லாம் கோபமாகத்தான் இருந்தது. பல் நறநறத்தது, நெற்றி நரம்பு புடைத்தது. கை மட்டும் சொன்னதைச் செய்தது.

பிடுங்கினால் முளைக்கிற அடைப்புக்குறியைக் கொல்ல ஒரே வழி உண்டு. கோப்புக்கும் மென்பொருளுக்கும் உள்ள தொடர்பையே வெட்டிவிட வேண்டும். வெட்டினால் அடியில் இருக்கும் குறியீடு செத்து, அடைப்புக்குறி வெறும் எழுத்தாகிவிடும். வெறும் எழுத்தை அழித்தால் அழிந்ததுதான். பதினாறு வருஷத்தில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

வெட்டினாள்.

‘நேரில் சொன்னது’ என்று தேடி, இருந்த இடமெல்லாம் துடைத்தாள்.

‘41 இடங்களில் நீக்கப்பட்டது’ என்றது கணினி.

பிறகு, நகல் எதுவும் எடுத்து வைத்திருக்கிறாளா என்று அவர் கேட்டார். அதையும் அழித்தாள்.

அச்சுப்பொறி சுத்தமான தாள்களைத் துப்பியது. அவள் அவற்றை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெரிய டாக்டர் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார். மெதுவாக ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். மறு காதிலிருந்தும் எடுத்தார்.

“அப்பாடா,” என்றார். “ரெண்டு மாசம் ஆச்சு இப்படி நிம்மதியா இருந்து. நீங்களும் வந்து பின்னால உக்காருங்க. ஏதாவது திருத்தம் வந்தா உடனே போட்டுக் கொடுக்கலாம்.”

வார்டில் துளிச் சத்தம் இல்லை. அந்த நிசப்தம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. பேச வந்த ஆள் போய்விட்ட நிசப்தமாக அது தெரியவில்லை. வேறு வாசல் தேடுகிறவர் கொஞ்சம் நின்று யோசிப்பதுபோல இருந்தது.

பெஞ்சில் இருந்த பெண் எழுந்து வந்தாள். “அக்கா, ஆபரேட்டர் அண்ணன் சொன்னது ஏதாவது அதுல இருக்கா? ஒரு வரியாவது?”

கமா அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்குக் கமா மட்டும்தான்மா தெரியும்,” என்றாள்.

விசாரணை அறையில் குழுவினர் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி அம்மாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். ஓரத்தில் குறிப்பெடுக்க ஒரு எழுத்தர். சின்ன சிஸ்டர் தனியாக ஒரு நாற்காலியில். கமா அக்கா கடைசி வரிசையில், திருத்தம் போட அவர் கொடுத்த மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றாம் மனுஷி மாதிரி.

பெரிய டாக்டர் எழுந்து தொண்டையைச் செருமினார். நல்ல குரல். முதல் பதினோரு பக்கங்களின் சாரத்தைத் தங்குதடையில்லாமல் வாசித்தார். பிறகு தாளைப் புரட்டினார்.

“வால்வில் கசிவு இருந்ததாக எவரும் துறைக்குத் தெரிவிக்கவில்லை, ஆக்சிஜன் ஆபரேட்டர், நேரில் சொன்னது, ஜூன் ரெண்டு.”

வாசித்த வேகத்தில் அடுத்த வரிக்குப் போனவர் நின்றார். தாளைப் பார்த்தார். தாளில் அது இல்லை. கடைசி வரிசையிலிருந்த கமா அக்காவுக்கு அது தாளில் இல்லை என்பது தெரியும். அவள் கையால் அழித்தது.

“மன்னிக்கணும்,” என்று தண்ணீர் குடித்தார். “வால்வில் கசிவு இருந்ததாக எவரும் தெரிவிக்கவில்லை, ஆக்சிஜன் ஆபரேட்டர், நேரில் சொன்னது, ஜூன் ஒன்பது.”

குரல் அவருடையதுதான். வாலில் வந்த சொற்களின் நடை மட்டும் வேறு. சொல்லிச் சொல்லி அலுத்த நடை.

எழுத்தரின் பேனா அந்தரத்தில் நின்றது.

“விபத்துக்குக் காரணம் பணியில் இருந்த செவிலியர்,” என்று கத்தியே வாசித்தார் அவர், கத்தினால் முந்திவிடலாம் என்பதுபோல. “அவர் தவறான வால்வைத் திருகினார், ஆக்சிஜன் ஆபரேட்டர், நேரில் சொன்னது, ஜூன் பதினாலு, சின்ன சிஸ்டர் வால்வைத் தொடல, அந்தப் பொண்ணு என்கூடச் சிலிண்டர் தூக்க ஓடி வந்துச்சு.”

கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “டாக்டர். நேரில் சொன்னதுன்னா, யார்கிட்ட சொன்னது?”

அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கசங்காத காலரை நனைத்தது. விரல் இடுக்கு வழியாக வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கசிந்தன.

“என்கிட்ட. ஜூன் ரெண்டு. என்கிட்ட. ஜூன் ஒன்பது. என்கிட்ட. ஜூன் பதிமூணு. கதவைச் சாத்திட்டேன்.”

“எழுதிக்குங்க,” என்றார் நீதிபதி அம்மாள் எழுத்தரிடம். “ஒரு எழுத்து விடாம எழுதிக்குங்க.”

டாக்டரை இரண்டு பேர் தாங்கி வெளியே கூட்டிப் போனார்கள். நடையில் போகும்போதும் சத்தம் கேட்டது. “தண்ணி கொடுங்க, நேரில் சொன்னது. கையை விடுங்க, நேரில் சொன்னது.” மாடிப்படி இறங்கும்வரை அது ஓயவில்லை. கமா அக்காவுக்கு உள்ளுக்குள் குரூரமாக ஒரு சந்தோஷம் பொங்கியது. நன்றாக வேண்டும். இன்னும் வேண்டும். உயிரோடு இருக்கும்வரை வேண்டும். மேலே இருக்கிறவனுக்குக் கிடைத்த அடியைக் கீழே இருந்து பார்ப்பதில் உள்ள அந்தச் சுகத்தை அவள் வாழ்க்கையில் அதிகம் அனுபவித்ததில்லை.

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடையில் வேகமாக நடந்தாள். எப்படியாவது வெயிலுக்குப் போய்விட வேண்டும் என்றிருந்தது. பின்னாலிருந்து ஓடி வரும் காலடிச் சத்தம். சின்ன சிஸ்டர்.

அந்தப் பெண் வந்த வேகத்தில் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் கண்ணீர், அதற்கு நடுவில் சிரிப்பு.

“அக்கா, எனக்குத் தெரியும். அவர் அதையெல்லாம் தானா எழுதியிருக்கவே மாட்டார். நீங்கதானே அண்ணன் சொன்னதை எடுக்காம விட்டு வெச்சீங்க? எடுன்னு சொல்லியிருப்பாங்க, நீங்க எடுக்கல, அப்படித்தானே?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பதினாறு வருஷத்தில் அவள் கையை இப்படி யாரும் பிடித்ததில்லை. திட்டு வாங்கியவர்கள்தான் உண்டு, நன்றி சொன்னவர்கள் கிடையாது.

“ஆமாம்மா,” என்றாள் கமா அக்கா. “எனக்கு அதை அழிக்க மனசே வரல.”

அங்கே நிறுத்த நினைத்தாள். நாக்கு நிற்கவில்லை.

“ஆக்சிஜன் ஆபரேட்டர், நேரில் சொன்னது, ஆகஸ்ட் இருபத்தொண்ணு, பன்னெண்டு நாற்பது.”

சின்ன சிஸ்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பன்னிரண்டு நாற்பதுக்கு அந்த வார்டுக்குள் தனியாக இருந்தது யார் என்பது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தெரியாதா?

“உங்ககிட்ட அவர் என்னக்கா சொன்னார்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

கமா அக்கா பல்லைக் கடித்தாள். உதட்டை இறுக மூடினாள். போதாமல் இரண்டு உள்ளங்கையாலும் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள்.

விரல்களுக்கு நடுவிலிருந்து, மெல்ல, காற்றுக் கசியத் தொடங்கியது.